மேனேஜர் வந்து போகும் வீடு

"மேனேஜர் சாப்பிட்டாச்சு. இனி நமக்கு எடு" என்றார் மீரா முகைதீன், அடுக்களைத் தரையில் சம்மணமிட்டபடி.

தட்டில் முகம் புதைத்திருந்த பூனையின் பிடரித் தோலை இரண்டு விரலால் கூடாரம்போலத் தூக்கி, இன்சுலின் ஊசியை இறக்கி எடுத்தார். பூனை நக்குவதை நிறுத்தவில்லை. ஷாஜிதா பேகம்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஊசி யார் உடம்பில் இறங்கினாலும் அவளுக்கு வலிக்கும். திருப்பிய முகத்தோடே, சாளைமீன் புளிமுளக் குழம்பு ஆறிக்கொண்டிருக்கிறது என்றும், பெண்டாட்டிக்கு முன்னால் பூனைக்கு இலை போடும் வீடு கோட்டாற்றிலேயே இது ஒன்றுதான் என்றும் சொன்னாள்.

அதற்குள் மக்ரிப் பாங்கு கேட்டது. தொழுதுவிட்டு வந்து சாப்பிடுகிறேன், மூடி வை என்று சொல்லிப் போனார். அவள் மூடி வைத்தாள். பள்ளிவாசலில் கைகால் கழுவக் குனிந்தவர் நிமிரவில்லை.

மறுநாள் வீடு நிறைய ஆட்கள். அத்தனை பேர் காலுக்கும் நடுவே நடந்து வந்து பூனை அடுக்களைக் குளிர்பெட்டியின் முன்னால் உட்கார்ந்தது. மருந்து உள்ளேதான் இருந்தது. கையெழுத்துக்கு வந்த கோப்பை ஏன் இன்னும் வைக்கவில்லை என்று கேட்கும் அதிகாரியின் முகம் அதற்கு. அப்போதுதான் ஷாஜிதாவுக்கு உறைத்தது. சர்க்கரை வந்த பூனை தாங்காது என்று பலர் சொல்லியும் கேளாமல், காலையும் மாலையும் சோறும் ஊசியுமாக அவர் இழுத்துப் பிடித்து வைத்திருந்த உயிர். பிள்ளைகள் இல்லாத வீடு. அவர் பார்த்துப் பார்த்து வளர்த்தது என்று மிச்சமிருப்பது இது ஒன்றுதான். இதையும் விட்டுவிட்டால் அவருக்கு என்ன பதில் சொல்வது?

அன்றைய ஊசியைப் பக்கத்து வீட்டு அஸ்வதி போட்டாள். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

துக்கம் கேட்டவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கடைசியாக மீரா முகைதீனின் மூத்த சகோதரி பாத்துமுத்து, தேங்காப்பட்டணத்துக்காரர், எல்லாரும் கொஞ்சம் பயப்படும் குரல்காரர், இத்தா முடியும்வரை கூட இருக்கிறேன் என்றார். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வாசல் தாண்டக் கூடாது, நெருங்கிய உறவில்லாத ஆண்கள் முன் வரக் கூடாது. அவ்வளவு காலம் தனியாகவா என்று கேட்டார்.

"எனக்கு ஆரும் கூட இருக்காண்டாம் மைனி" என்றாள் ஷாஜிதா. "நான் இருந்துக்கிடுவேன்."

பாத்துமுத்து அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பேருந்தேறிப் போனார்.

ஷாஜிதா இருந்துகொண்டாள். வெறும் கட்டன்சாயா குடித்தாள். சோறு பொங்கினால் பூனைக்கு மட்டும் பொங்கினாள்.

அஸ்வதியின் வேலை நேரம் வாராவாரம் மாறியது. ஒருநாள் அவள் வரும்போது பூனை இருக்காது. பூனை இருக்கும்போது பசி இருக்காது. சாப்பிடாத வயிற்றில் ஊசி போடக் கூடாது. தெருவில் யாரோ அதற்குத் தாராளமாகப் படியளந்துகொண்டிருந்தார்கள். போய்க் கேட்க முடியாது, இத்தா. ஆகவே ஷாஜிதா மதிலோரம் நின்று குரல் கொடுத்தாள். மீரா முகைதீன் அந்தப் பூனையை ஒருநாளும் 'அது' என்று சொன்னதில்லை. அவளுக்கும் அதே பழக்கம். மேனேஜர் அங்கே வந்தாரா, வந்தால் ஒன்றும் கொடுக்காதீர்கள், அவருக்குச் சுகர், இங்கே வந்துதான் சாப்பிட வேண்டும் என்று காலையிலும் மாலையிலும் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

பழைய ஆட்களுக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. எதிர்மாடிக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்திருந்தது.

மீன் கொண்டுவரும் ஷெர்லி ஒருநாள் கூடையை இறக்கிவைத்துவிட்டுத் தயங்கினாள்.

"உம்மா, ஒரு காரியம் சொன்னா கோவப்படப்பிடாது. இந்த வீட்டுக்கு வருத மேனேஜர் எந்த பேங்க்குண்ணு எதிர்மாடியில கேக்குகாவ."

ஷாஜிதா எதிர்மாடியை ஒருமுறை பார்த்தாள். "நீ என்ன சொன்னே?"

"நான் என்னத்தச் சொல்ல? மீன்தலையக் குடுத்தா வாயில கவ்விக்கிட்டு மதில் சாடிப் போவாருண்ணு சொன்னேன். பொறவு அவிய ஒண்ணும் கேக்கல்ல."

இத்தா இருக்கிற வீட்டுக்கு ஒரு மேனேஜர் இரண்டு வேளையும் வந்து சாப்பிடுகிறார் என்பது அதற்குள் தெருமுனை தாண்டியிருந்தது. வங்கி மேனேஜரா, கேஸ் ஏஜென்சி மேனேஜரா என்பதில்தான் கருத்து வேறுபாடு. மதில் சாடுகிறார் என்ற தகவல் ஷெர்லியின் புண்ணியத்தில் புதிதாகச் சேர்ந்தது.

இனி அந்தப் பெயரை வாயில் எடுப்பதில்லை என்று ஷாஜிதா முடிவுசெய்தாள். வேறு பெயர் சொன்னால் பூனை திரும்பிப் பார்க்காது. ஆகவே வெறுமனே 'அவரு' என்றாள். அஸ்வதிக்குப் போன் போட்டு, அவரு இன்னும் வரவில்லை மக்கா, நேற்றும் வெளியில் எங்கேயோ சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார், ராத்திரி முழுக்க என் கட்டிலுக்கடியில்தான் கிடந்தார் என்று சொன்னாள்.

அஸ்வதி அப்போது பேருந்தில் இருந்தாள். அவள் போனில் ஸ்பீக்கர் போட்டால்தான் எதுவும் கேட்கும். முன் இருக்கையில் இருந்த இரண்டு பெண்கள் கோட்டாற்றுக்காரர்கள். மீரா முகைதீனின் மையத்து வீட்டுக்கு வந்து அழுதுவிட்டுப் போனவர்கள்.

அன்றோடு ஊர் இரண்டு கட்சியாயிற்று. ஒரு கட்சி, மேனேஜர் கட்டிலுக்கடியில் ஒளிகிறார் என்றது. மற்றது, மீரா முகைதீனே திரும்பி வந்துகொண்டிருக்கிறார், ஓதிப் பார்க்க வேண்டும் என்றது. கோட்டாற்றுச் சந்தையிலிருந்து மீன்காரிகள் வழியாகக் கடற்கரைக்குப் போன செய்தி, கடற்கரையோடே நடந்து தேங்காப்பட்டணம் சேர்ந்தது.

அந்த வாரமே வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து ஒரு பெரிய பை இறங்கியது. இன்னொரு பை இறங்கியது. ஒரு தலையணை இறங்கியது. கடைசியாகப் பாத்துமுத்து இறங்கினார்.

"எங்கட்டி அந்த மேனேஜர்?" நடுவீட்டில் நின்று கேட்டார். எதிர்மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது.

ஷாஜிதா கட்டிலுக்கடியைக் கை காட்டினாள். பாத்துமுத்து முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். உள்ளிருந்து மேனேஜர் ஒரு கொட்டாவி விட்டார்.

"பூனையா?"

"பூனைதான் மைனி."

பாத்துமுத்து ஒரு செம்பு தண்ணீரைக் குடித்து முடித்தார். உண்மை தெரிந்துவிட்டது, சாயங்காலப் பேருந்துக்குப் போய்விடுவார் என்று ஷாஜிதா நினைத்தாள். அவரோ தலையணையை எடுத்துக் கட்டிலில் போட்டார்.

"பூனைண்ணு நான் நம்பியாச்சு. ஊரு நம்பாண்டாமா? நான் இப்பப் போனா, 'வந்தா, காரியத்தப் பேசி மூடினா, போனா'ண்ணு சொல்லுவானுவ. இத்தா முடியும் மட்டும் இந்த மேனேஜர் வருததும் போறதும் என் கண்ணு முன்னால நடக்கட்டு."

இப்படி ஒரு காவல் வந்து சேர்ந்ததே என்று ஷாஜிதா அன்று முழுக்கக் குமைந்தாள். மீரா முகைதீன் இருந்தால் தன் லாத்தாவைச் சமாளித்திருப்பார். அவர் இருந்தால் லாத்தாவே வந்திருக்கமாட்டார்.

பாத்துமுத்துவுக்கும் சர்க்கரை உண்டு. அவர் இன்சுலினும் குளிர்பெட்டியில் ஏறியது, பூனையின் மருந்துக்கு மேல்தட்டில். ஊசி எனக்குப் பல் விளக்குகிற மாதிரி, இனி மேனேஜருக்கும் நானே போடுகிறேன் என்றார். ஒரு கைக்கு இரண்டு கை ஆயிற்றே என்று ஷாஜிதா நிம்மதியடைந்தாள்.

அந்த நிம்மதிதான் வினையாயிற்று. ஒருநாள் காலையில், இரவு வேலை முடித்து வந்த அஸ்வதி, பூனை சாப்பிட்டிருப்பதைக் கண்டு ஊசி போட்டுவிட்டுத் தூங்கப் போனாள். குளித்துவிட்டு வந்த பாத்துமுத்து, காலித் தட்டைக் கண்டு தன் பங்குக்கு ஒன்று போட்டார். ஊசி நேரம் வந்தாலே பயந்து பின்கட்டுக்குப் போய்விடும் ஷாஜிதா, யார் எப்போது போட்டார்கள் என்பதையே அறியவில்லை.

கொஞ்ச நேரத்தில் மேனேஜர் கள்ளுக்கடையிலிருந்து வருபவர்போலத் தள்ளாடி வந்து கதவில் முட்டிச் சாய்ந்தார்.

ஷாஜிதா அஸ்வதிக்குப் போன் போட்டாள். தூக்கத்திலிருந்து எழுந்த குரலில் அவள், இனிப்பாக எதையாவது கரைத்து உடனே ஈறில் தடவச் சொன்னாள், இதோ வருகிறேன் என்றாள். தேன் இல்லை, சீனி இல்லை. சர்க்கரைக்காரர்கள் இருக்கும் வீட்டில் ஏது இனிப்பு? ஷாஜிதா டப்பா டப்பாவாகத் திறந்து உருட்டினாள். பாத்துமுத்து போய்த் தன் தலையணை உறைக்குள் கைவிட்டு ஒரு கருப்பட்டித் துண்டை எடுத்து வந்தார். அதில் ஒரு மூலை கடிபட்டிருந்தது.

"அவசரத்துக்கு வச்சிருக்கது" என்றார், யாரும் கேட்காமலே.

ஷாஜிதா தரையில் உட்கார்ந்தாள். ஒருநாளும் பூனையை மடியில் எடுத்திராதவள், அதை எடுத்துப் போட்டுக்கொண்டு கருப்பட்டித் தண்ணீரை விரலால் ஈறில் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே, நீயும் சொல்லாமல் போகாதே என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர் போன அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. பாத்துமுத்து பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகில் கையை வைத்திருந்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

பூனை முதலில் அவள் விரலை நக்கியது. பிறகு கடித்தது. ஓடிவந்த அஸ்வதி அதைத் தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனாள். மாலையில் மேனேஜர் கூடையில் உட்கார்ந்து, ஒன்றும் நடவாததுபோலத் திரும்பி வந்தார்.

அன்று பாத்துமுத்து தீர்ப்புச் சொன்னார். இனி இந்த வீட்டில் ஊசி போடுவது ஒரே கை. அது ஷாஜிதாவின் கை. அவள் முடியாது என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

"மொதல்ல எனக்குப் போட்டுப் பழகு. நான் கடிக்கமாட்டேன்" என்று பாத்துமுத்து தன் புஜத்தை நீட்டினார்.

நடுங்கி நடுங்கிப் போட்டாள். பாத்துமுத்து நர்ஸம்மா என்று கேலி செய்தார். பிறகு நடுக்கம் நின்றது. பூனைக்கும் அவளே போட்டாள், முகத்தைத் திருப்பாமல்.

பூனை நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். பாத்துமுத்து நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். தனியாகச் சாப்பிட்டால் தனக்குத் தொண்டையில் இறங்காது என்று பாத்துமுத்து சொல்லிவிட்டதால் ஷாஜிதாவும் நேரத்துக்குச் சாப்பிட வேண்டியதாயிற்று. இரண்டு சர்க்கரைக்காரர்களுக்கு நடுவில் தன் பசியை யாரும் கேட்பதில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே மீன் வாங்கினாள், முருங்கைக்கீரை உருவினாள், புளிமுளம் வைத்தாள். ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போது, தான் இரண்டாவது முறை கறி ஊற்றியிருப்பதைக் கவனித்தாள். வெட்கமாக இருந்தது. பாத்துமுத்து அதைப் பார்க்காமல் மேனேஜரின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இத்தா முடிந்தது. பாத்துமுத்துவை அழைத்துப்போக மகன் உவைஸ் காரோடு வந்தான். உள்ளே அவர் பையைக் கட்டிக்கொண்டே, ஊசி நேரத்தைப் பற்றி மேனேஜருக்குக் கடைசி உத்தரவுகள் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஷாஜிதா உவைஸின் கையில் சாயாவைக் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. ஒன்றை மட்டும் சொன்னாள்.

"ஆரும் வேண்டாமுண்ணு நான் மூஞ்சியில அடிச்ச மாதிரி சொன்னேன் மக்கா. ஊருக்காரனுவ நாக்குக்குத்தான் நன்றி சொல்லணும். மேனேஜருண்ணா பூனைண்ணு முன்னமே தெரிஞ்சிருந்தா மைனி இஞ்ச வந்திருக்கவே மாட்டாவ."

உவைஸ் வாய்க்குக் கொண்டுபோன சாயாவை நிறுத்தினான்.

"என்ன மாமி சொல்லுகிய? மாமா பூனை போட்டோ அனுப்பி, என்ன பேரு வைக்கலாமுண்ணு கேட்டப்ப, அதுக்கு மேனேஜருண்ணு பேரு போட்டதே உம்மாதானே."