கிளெமென்ற் வீட்டில் இருந்த நூற்றி நாற்பது பேர்

கொழும்பில் எந்தத் தமிழன் எந்த வீட்டில் தூங்குகிறான் என்பதில் அரசாங்கம் மிகுந்த அக்கறை காட்டிய காலம் அது. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் முதலில் தேத்தண்ணி, பிறகு பொலிஸ் பதிவு. சில வீடுகளில் பதிவு முடிந்த பிறகுதான் தேத்தண்ணி.

கொட்டாஞ்சேனை கிளெமென்ற் இரண்டாவது வகை. துறைமுகத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். சொல்லாமல் விட்டு உதை வாங்குவதைவிடச் சொல்லிவிட்டுத் திட்டு வாங்குவது மேல் என்பது அவர் கொள்கை. வீட்டில் அவரும் மனைவி றோஸியும், றோஸியின் அக்கா சீனியம்மாவின் மகன் பேதுருவும் இருந்தார்கள். பேதுரு மன்னார்ப் பொடியன். அங்கே மீசை அரும்பிய பிள்ளைகள்மேல் இராணுவம், இயக்கம் என்று இரண்டு பக்கத்தாருக்கும் கண். ஓகஸ்ட்டில் உயர்தரப் பரீட்சை எழுதும்வரையாவது இவன் உயிரோடு இருக்கட்டும் என்று சீனியம்மா தங்கையிடம் அனுப்பியிருந்தாள். அவனுடைய பொலிஸ் பதிவை மாதாமாதம் புதுப்பிக்க வேண்டும்.

இப்படியிருக்கையில் ஆலோசகர் முத்துலிங்கம் வந்தார். வெள்ளவத்தையில் பிறந்து, லண்டன் போய், இணையவழிக் கூட்டுக் கற்றலுக்கும் சமூக வலைத்தளங்களுக்கும் ஆலோசனை வழங்குபவராகத் திரும்பியவர். அடிமட்ட மக்களிடையே ஒரு கற்றல் சமூகம் உருவாக்கித் தரும்படி வெளிநாட்டு நிறுவனமொன்று அவரைக் கேட்டிருந்தது. வெள்ளவத்தைக்காரருக்கு அடிமட்டம் என்றால் கொட்டாஞ்சேனைதானே.

“அங்கிள், இனி வாத்தியார் எண்டு ஒருத்தரும் இல்லை. ஒருத்தருக்கு ஒருத்தர் படிப்பிக்கிறதுதான். உங்கட வீட்டில ஒரு கொம்பியூட்டர் வைக்கிறன். உலகமே உங்கட வீட்டுக்கு வரும்.”

“உலகம் வந்தா பொலிஸில சொல்ல வேணுமே, தம்பி,” என்றார் கிளெமென்ற்.

முத்துலிங்கம் சிரித்தார். கிளெமென்ற் சிரிக்கவில்லை.

முத்துலிங்கம் தொடங்கிய ‘கூடிக் கற்போம்’ என்ற இணையத்தளத்தில் சீக்கிரமே நூற்றி நாற்பது பேர் சேர்ந்தார்கள். பேதுரு ஆசையோடு முதல் கேள்வியை எழுதினான்: சிறுநீரகம் எப்படி உப்பை வடிகட்டுகிறது? பதினொரு பேர் ‘நல்ல கேள்வி’ என்றார்கள். தன் படத்துக்குப் பதில் பூனைப் படம் போட்டிருந்த ஐறீன் ‘காலை வணக்கம்’ சொன்னாள். மூன்று பேர் சிறுநீரகத்துக்கென்று தனிக் குழு தொடங்கி, யார் தலைவர் என்பதில் பிரிந்துபோனார்கள். பதில் மட்டும் வரவில்லை. பேதுரு பாடப்புத்தகத்தைத் திறந்து தானே படித்துக்கொண்டான். ஆலோசகரின் அறிக்கையில் இது ‘சுயமுனைப்புக் கற்றலின் மலர்ச்சி’ என்று ஏறியது.

கிளெமென்றுக்குத் தூக்கம் போயிற்று. வீட்டுக்குள் இத்தனை பேர் கதைக்கிறார்கள், பொலிஸுக்குத் தெரியாது. அவர் நிலையத்துக்குப் போய்ப் பதிவு சார்ஜனிடம் உள்ளதைச் சொன்னார். பேச்சு சிங்களத்தில் நடந்தது, தமிழில் தருகிறேன்.

“நூற்றி நாற்பது பேரா? எங்கே?”

“கொம்பியூட்டருக்குள்ளே, மாத்தயா.”

“கொம்பியூட்டர் எங்கே?”

“வீட்டுக்குள்ளே.”

“அப்படியென்றால் வீட்டுக்குள்ளேதான்.”

சார்ஜன் முட்டாள் அல்ல. நாளைக்கு ஏதாவது நடந்தால், தெரிந்தும் ஏன் பதியவில்லை என்று மேலிடம் அவரைத்தான் கேட்கும். அந்தப் பயத்தில் அவரும் கிளெமென்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். கிளெமென்ற் கொண்டுவந்த பட்டியலைப் படங்களோடு பார்த்து எல்லாரையும் நிரந்தரவாசிகள் என்று பதிந்தார். ரோசாப்பூப் படம் போட்டவரை மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பதிந்தார். பூனையில் சிக்கல் இருக்கவில்லை. அடையாள அட்டைப் பட விதிப்படி இரண்டு காதும் தெரிந்தன.

ஒரு வீட்டில் இவ்வளவு சனம் என்றால் மாநகரசபை சும்மா இருக்குமா? சுகாதாரப் பரிசோதகர் வந்தார்.

“நூற்றி நாற்பத்து மூன்று பேருக்கு ஒரு கக்கூஸா?”

“அவர்கள் போவதில்லை, மாத்தயா,” என்றாள் றோஸி.

“போகாமல் எத்தனை நாள் இருப்பார்கள்? அது இதைவிடப் பெரிய சுகாதாரக் கேடு.”

இந்த வீட்டில் இனிப் புதிதாக எவரையும் குடிவைக்கக் கூடாது என்று கட்டளை பிறந்தது. அடுத்த கிழமை பேதுருவின் பதிவைப் புதுப்பிக்கப் போனார்கள். சார்ஜன் உதட்டைப் பிதுக்கினார்.

“மற்றவர்கள் நிரந்தரம். இவனுக்கு மாதப் பதிவு. மாதம் முடிந்துவிட்டது. இனி இவன் புது ஆள். இடமில்லை.”

“மற்றவர்களின் பெயர்களை வெட்டிவிடுங்கள், மாத்தயா. பொடியனை விடுங்கள்.”

“வெட்டலாமே. ஒவ்வொருவரும் நேரில் வந்து கையெழுத்து வைக்கட்டும்.”

கிளெமென்ற் முத்துலிங்கத்தைப் பிடித்தார். முத்துலிங்கம் மிகவும் மனம் வருந்தினார்.

“உறுப்பினர் தொகையைக் குறைக்கேலாது, அங்கிள். அறிக்கை போயிட்டுது. ஏன் கவலைப்படுறியள்? பேதுரு எங்க இருந்தாலும் எங்கட சமூகத்தில ஒருத்தன்தான். உடம்பு எங்க இருக்கெண்டது இந்தக் காலத்தில முக்கியமில்லை.”

“அவனைப் பிடிக்கக் காத்திருக்கிறவைக்கு உடம்புதான் தம்பி வேணும்,” என்றாள் றோஸி.

அன்று பின்னேரம் கிளெமென்ற் சொல்லச் சொல்லப் பேதுரு தளத்தில் எழுதினான்: ‘ஓகஸ்ட் முடியும்வரை ஒரு மாணவனுக்குப் படுக்க இடம் வேண்டும். உங்களில் ஒருவர் வீட்டில் வைத்துக்கொள்வீர்களா?’

அந்தத் தளம் அப்படியொரு பரபரப்பைக் கண்டதில்லை. ‘நாங்கள் உங்களோடு இருக்கிறோம்’ என்று மளமளவென்று வந்து விழுந்தது. பதினொரு பேர் ‘நல்ல கேள்வி’ என்றார்கள். கடைசியில் வெள்ளவத்தையிலிருந்து பூனை எழுதியது:

“கட்டாயம் எடுத்திருப்பம், அங்கிள். அறை ஒண்டு சும்மாதான் கிடக்கு. ஆனா போன கிழமை எங்கட வீட்டிலயும் முத்துலிங்கம் அண்ணை ஒரு கற்றல் சமூகம் தொடங்கினவர். உங்களை மாதிரியே நாங்களும் முறையாப் பொலிஸில பதிஞ்சிட்டம். இருநூறு பேர். இனி ஒருத்தரையும் சேர்க்கேலாதாம்.”

வத்தளையில் ஒருவர் அதையே சொன்னார். தெமட்டகொடையில் ஒருவரும் அதையே சொன்னார். கற்றல் சமூகம் இல்லாத வீட்டில் பெண்ணெடுக்கவே யோசிக்கிற அளவுக்கு அது பரவியிருந்தது. ஹெந்தளையில் இதை எழுதுகிறவன் வீட்டில் அப்போது அறுபத்திரண்டு பேர். நானும் ‘ஆழ்ந்த வருத்தம்’ என்று எழுதினேன்.

“விடுங்கோ, சித்தப்பா,” என்று பேதுரு கொம்பியூட்டரை நிற்பாட்டினான்.

மறுநாள் காலை கிளெமென்ற் அவனைக் கோட்டை பஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போய் மன்னார்ப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏற்றினார். மடியில் உயிரியல் புத்தகத்தோடு அவன் ஜன்னலோரம் உட்கார்ந்தான். பஸ்ஸில் இடம் தாராளமாக இருந்தது.