பேட்டரிக்குக் காட்டிய சூடம்

எங்கள் பக்கத்தில் ஆயுத பூஜை அன்று எந்தப் பொருளும் பொட்டு வாங்காமல் தப்ப முடியாது. மண்வெட்டி, அரிவாள், மிக்ஸி, ஓடாத பம்புசெட் மோட்டார் என்று எல்லாவற்றுக்கும் உண்டு. சார்ஜில் இருக்கும் பேட்டரியை மட்டுமாவது விட்டிருக்கலாம்.

ஒரத்தநாட்டில் எங்கள் வீட்டு வாசலில் மச்சினன் செந்திலின் கார் மாதக்கணக்காகத் தார்ப்பாய்க்குள் தூங்கிக்கொண்டிருந்தது. அவன் சிங்கப்பூரில் வேலை பார்த்தான். காரைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. (பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஜன்னல் வழியாக.) பெண் பார்ப்பதற்காக அவன் லீவில் வந்து சாவியைத் திருகினால், 'டிக்' என்றதோடு சரி.

"நாளைக்குப் பேராவூரணிக்குக் கார்லதான் போகணும் மாமா. பொண்ணு வீட்டுல சொல்லியாச்சு" என்றான். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போன கவலை அவனுக்கு.

"நான் இருக்கேன்ல?" என்று சொல்லி, புது சார்ஜர் ஒன்றை வாங்கி வந்தேன்.

கூட வந்த காகிதத்தை வரி விடாமல் படித்தேன். சார்ஜ் ஆகும்போது பேட்டரியிலிருந்து தீப்பற்றும் வாயு வரும், காற்றோட்டம் வேண்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. எல்லாம் புரிந்தது. பேட்டரியைக் கழற்றி டிராக்டர் ஷெட்டில் வைத்து, சிவப்பு கிளிப்பை ப்ளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் மாட்டினேன். தூறல் விழுந்ததால் ஷெட் கதவைச் சாத்தினேன். (காற்றோட்டம் அத்தோடு முடிந்தது.) பீடியோடு வந்த டிராக்டர் டிரைவரை, "அறிவிருக்காய்யா உனக்கு?" என்று விரட்டியும் விட்டேன்.

சாயங்காலம் ஆயுத பூஜைத் தட்டோடு ஷெட்டுக்குள் போனேன். டிராக்டருக்குச் சூடம் காட்டியாயிற்று. பேட்டரி என்ன பாவம் செய்தது? சந்தனம், குங்குமம் வைத்துவிட்டுத் தட்டைச் சுற்றினேன். பீடி என்றால் நெருப்பு, சூடம் என்றால் சாமி. என் மூளை அப்படிப் பிரித்து வைத்திருந்தது.

டமார்!

மணியை எடுக்கத் திரும்பிய நேரமாக இருந்ததால் கண் தப்பியது. முதுகெல்லாம் ஆசிட். என் மனைவி வளர்மதி இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் நிறுத்தினாள். சட்டை போனதைப் பற்றிக் கவலை இல்லை. கண்ணை நினைத்துத்தான் வெகுநேரம் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலயே மாமா?" என்று கேட்ட செந்தில், கொஞ்ச நேரம் மரியாதைக்குப் பொறுத்திருந்துவிட்டு, "அப்ப நாளைக்கு எதுல போறது?" என்றான்.

அதற்குள் பூஜை முடித்துப் பேட்டரிக் கடைகளை மூடிவிட்டார்கள். வாடகைக் காரும் கிடைக்கவில்லை. தேங்காய் ஏற்றுவதற்காகப் பேராவூரணிக்குக் காலியாகப் போன குட்டியானை மினி லாரியில்தான் மறுநாள் ஏறினோம். மாப்பிள்ளை டிரைவர் பக்கத்தில். பட்டுப்புடவையும் பழத்தட்டுமாக மற்றவர்கள் பின்னால்.

"கார்ல வர்றதாச் சொன்னீங்களே?" என்றார் பெண்ணின் அப்பா. சிரிக்கவில்லை. செந்தில் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

வளர்மதி முந்திக்கொண்டாள். "இவங்கதாங்க, சார்ஜ்ல இருந்த பேட்டரிக்குச் சூடம் காட்டி வெடிக்க வச்சுட்டாங்க."

உள் அறையிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அடக்கப் பார்த்து, முடியாமல், மறுபடி கிளம்பியது. பெண்ணின் அப்பா திரும்பி அறைக் கதவைப் பார்த்தார். "பொண்ணே சிரிச்சிருச்சு. உக்காருங்க, காபி சாப்பிடலாம்" என்றார்.

அந்தப் பெண் கயல்விழி இப்போது எங்கள் வீட்டுப் பெண். போன தை மாதம் அவர்கள் புது வீட்டுக் கிரகப்பிரவேசம். தீபாராதனை நேரத்தில் நானும் பக்தியோடு முன்னால் போய் நின்றேன். கயல்விழி ஊரே பார்க்க என்னிடம் வந்தாள்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. கொஞ்சம் வாசல்ல நில்லுங்க. உள்ள கேஸ் சிலிண்டர் இருக்கு."

நின்றேன். திருநீறு வாசலுக்கே வந்தது.