பாம்புக்குப் பூட்டு போட்ட தீர்மானம்

சரியாகப் பேசித் தோற்றவளுக்கு வருகிற கோபம் லேசில் ஆறாது. எனக்கு மூன்று வருஷமாக ஆறவில்லை. இதையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

சென்னை பாடியில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. உட்கார்ந்த இடத்தில் பீஸை அளந்து பார்த்து, பிசகியிருந்தால் சிவப்பு அட்டை மாட்டித் தள்ள வேண்டும். ஒருநாள் எங்களை எல்லாம் கூப்பிட்டு, பேசி ஜெயிப்பது எப்படி என்று வகுப்பு எடுத்தார்கள். கோட்டு போட்ட ஒரு ஆள் வந்தார். கேட்பவரை மசியவைக்க மூன்று வழி உண்டாம்: பேசுகிறவர் மேல் நம்பிக்கை, கேட்கிறவருடைய உணர்ச்சி, சொல்கிற காரணம். கடைசியில், வாதத்தில் வரும் தவறுகள் என்று ஒரு பட்டியல் கொடுத்தார். மற்றவர்கள் அதில் பிரியாணி எலும்பை மடித்துப் போட்டார்கள். நான் மனப்பாடம் செய்தேன். (என்னை யார் செய்யச் சொன்னது?) பேச்சுக்கும் சிவப்பு அட்டை மாட்டலாம் என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வாரமே வெள்ளானூரில் எங்கள் அபார்ட்மெண்டின் மாடிப்படிக்கு அடியில் ஒரு சாரைப்பாம்பு வந்தது. உடனே, பின்பக்கத்துக் கம்பி கேட்டை நிரந்தரமாகப் பூட்ட வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார்கள். பாம்புக்குப் பூட்டு! அந்தக் கம்பிகளுக்கு நடுவே பூனையே சோம்பல் முறித்துக்கொண்டு நுழையும்.

அந்தக் கேட்டைப் பார்த்துத்தான் நாங்கள் வீடே வாங்கினோம். அந்த வழியில் பஸ் ஸ்டாப் நாலு நிமிடம். முன் கேட் வழியாகச் சுற்றினால் இருபது நிமிடம். குடிவருவதற்கு முந்தைய வருஷம் பஸ்ஸிலிருந்து விழுந்து என் கணுக்கால் உடைந்து, உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். பத்து நிமிடத்துக்கு மேல் நடந்தால் கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிடும். மற்ற பதினோரு வீட்டிலும் வண்டி இருக்கிறது. பஸ்ஸுக்கு நடப்பவள் நான் ஒருத்திதான்.

இதைச் சொல்லியிருந்தால் போதும். ஆனால் பட்டியலில் 'இரக்கத்தைத் தூண்டி ஜெயிப்பது' என்பதும் ஒரு தவறு. நானாவது கெஞ்சுவதாவது!

கூட்டத்தில் செயலாளர் ஆரம்பித்தார். ஆவடியில் பாதுகாப்புத் துறை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்.

"முப்பத்தாறு வருஷம் டிஃபென்ஸ்ல இருந்தவன் நான். பாதுகாப்புன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? கேட் திறந்திருந்துச்சு, பாம்பு வந்துச்சு. அவ்ளோதான்."

எழுந்தேன். "சார், இதுல ரெண்டு தப்பு. பதவியைக் காட்டி வாயை அடைக்கிறது ஒண்ணு. ஒண்ணுக்கு அப்புறம் இன்னொண்ணு நடந்தா அதனாலதான் நடந்துச்சுன்னு சொல்றது ரெண்டு. கேட் திறந்திருந்தப்பதான் உங்க பேத்திக்குக் காது குத்தினீங்க. அதுக்கும் கேட்தான் காரணமா?"

இரண்டாம் மாடி ஐ.டி. பையன், "இன்னைக்குப் பாம்பு வரும், நாளைக்குத் திருடன் வருவான், அப்புறம் குழந்தையைத் தூக்கிட்டுப் போவாங்க மேடம்" என்றான்.

"இது பூச்சாண்டி காட்டுற வாதம். உக்காருங்க."

என் கணவர் மெதுவாக, "எல்லாரும் சொல்றாங்கல்ல, விடேன் சுமதி" என்றார்.

"கும்பலோட கோவிந்தா! எல்லாரும் சொல்லிட்டா உண்மையாயிடுமா? இதுவும் தப்பு!"

சின்னப் பிள்ளைகள் சிரித்தன. அவர் தரையைப் பார்த்தார். நான் அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் இல்லை. பதில் தேவைப்படாத கேள்வி ஒன்றைக் கேட்டு மூன்று நொடி நிறுத்தினால் கூட்டம் ஆடிப்போகும் என்று கோட்டு ஆள் சொல்லியிருந்தார். கேட்டேன்.

"பாம்பு, பூட்டைப் பார்த்து பயந்து திரும்பிப் போயிடுமா?"

நிறுத்தினேன். ஒன்று. இரண்டு.

"அத்த பாம்பாண்ட கேளும்மே! என்னாண்ட இன்னாத்துக்கு கேக்குற?"

கீழ்வீட்டு தேவகி அக்கா. (இடமே அவர்களுடையது. பில்டருக்கு நிலத்தைக் கொடுத்து வீடாக வாங்கிக்கொண்டவர்.) மொத்தக் கூட்டமும் சிரித்தது. எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது.

"இங்க ஒருத்தருக்காவது மூளைன்னு ஒண்ணு இருக்கா?" என்று கத்தினேன். விஷயத்தை விட்டுவிட்டு ஆளைத் திட்டுவது. பட்டியலில் முதல் தவறே அதுதான்.

ஓட்டெடுப்பு நடந்தது. வீட்டுக்கு ஒரு ஓட்டு, பத்திரத்தில் யார் பெயரோ அவருக்கு. எங்கள் பத்திரம் கணவர் பெயரில். பூட்ட வேண்டும் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். பன்னிரண்டு கை எழுந்தது. பன்னிரண்டாவது அவருடையது. 'ஏகமனதாக' என்று நோட்டில் எழுதினார் செயலாளர்.

கணவரைப் படிக்கட்டிலேயே பிடித்துக்கொண்டேன். "நீங்க எப்படிங்க கை தூக்கலாம்?"

"அத்தனை பேர் முன்னாடி நீ என்னை ரிஜெக்ட் பண்ணின. நானும் பண்ணிட்டேன்."

"என் கால் என்ன கதியில இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியுமா? இப்ப சொல்லுவ, இப்ப சொல்லுவன்னு கடைசிவரைக்கும் பார்த்தேன். கடைசியில மூளை இருக்கான்னு கேட்ட."

கீழே இருந்து தேவகி அக்காவின் குரல். "கால்ல இன்னா?"

கணவர் சொன்னார்.

"அடிப்பாவி! கம்பி கீதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் கையத் தூக்கினு நின்னிருப்பனா? தப்பு தப்புன்னு வாத்தியாரம்மா மாதிரி கத்தினுருந்தியே!"

செயலாளரிடம் போய் நின்றேன். எழுதியது எழுதியதுதானாம். மறு வாரம் இன்னொரு பாம்பு, முன்பக்கத்து மோட்டார் ரூமில். இப்போதாவது புரியும் என்று குதித்தபடி போனேன். அந்த மனுஷன் பெருமையாகச் சொன்னார்: "பார்த்தீங்களா? பின்னாடி வழியில்லாம முன்னாடி வந்திருக்கு. பூட்டு வேலை செய்யுது!"

இதற்கு எந்தச் சிவப்பு அட்டையை மாட்டுவது?

இப்போது எங்கள் வீட்டில் என் மகள் உப்புமாவைக்கூட ஏகமனதாக நிறைவேற்றுகிறாள். நான் வேண்டாம் என்றால் அப்பாவும் மகளும் நாலு கையைத் தூக்குகிறார்கள்.

பூட்டு இன்னும் தொங்குகிறது. சாவி, கேட்டுக்குப் பக்கத்து வீடு என்பதால், தேவகி அக்காவிடம். தினமும் காலை ஐந்தே முக்காலுக்கு அவர் கதவைத் தட்டுகிறேன். தூக்கக் கலக்கத்தோடு வந்து, சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பார். காரணம் சொன்னாலும் திறக்க மாட்டார், நியாயம் பேசினாலும் திறக்க மாட்டார்.

"சொல்லு."

"அக்கா, பஸ் போயிடும்."

"அது இல்ல. சொல்லு."

மூன்று வருஷமாகச் சொல்கிறேன், ஒவ்வொரு நாளும் வயிறு எரிய: "கால் வலிக்குதுக்கா."

"ஹ்ம்," என்று திறந்துவிடுவார்.