போதகர் தலையில் அன்னாசித் தோல்

ஒழுகுவதை அடைக்கத் தெரிந்தவனுக்கு எங்கே போனாலும் சோறு உண்டு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட நான், களியக்காவிளையில் குழாய்ச் சாமான் கடை வைத்து, அதை மூன்றாக்கி, மாடி வீடும் கட்டியது இந்த ஒரே வித்தையால்தான். (படித்த இஞ்சினியர்களே என் கடை வாசலில் நின்று, "அண்ணாச்சி, இந்த எடத்துல என்ன போடலாம்?" என்று கேட்பார்கள். நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம்.) ஆனால் ஒழுகவிட வேண்டியதும் சிலது உண்டு என்பதை அறுபத்தாறாவது வயதில்தான் தெரிந்துகொண்டேன். அதுவும் போதகர் முன்னிலையில்.

அந்த வருஷம் நான் சபைக் கமிட்டித் தேர்தலில் நின்றேன். எங்கள் பக்கம் சட்டசபைத் தேர்தலில் தோற்றவன்கூடத் தலை நிமிர்ந்து நடக்கலாம். சபைத் தேர்தலில் தோற்றால் கல்யாண வீட்டில் ஒருத்தரும் "வாங்க, இருங்க" என்று சொல்லமாட்டார்கள். எதிரே நின்றவர் தேவதாஸ். நல்ல மனுஷன்தான், சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் கொஞ்சம் தாகம் கூடிவிடும். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். குடிவாசனை உள்ளவன் கமிட்டிக்குள் காலே வைக்கக் கூடாது என்று வீடு வீடாகப் போய்ப் பிரசங்கம் பண்ணினேன்.

வீட்டில் அப்போது மருமகள் பியூலா குப்பைக்கு எதிராகத் தனிப் போர் நடத்திக்கொண்டிருந்தாள். துணிப்பை இல்லாமல் சந்தைக்குக் கிளம்பினால் வாசலிலேயே மடக்குவாள். மீன் குடலும் செதிளும் தென்னை மூட்டில் குழி தோண்டிப் போட்டாக வேண்டும். என் பழைய வேட்டிகள் எல்லாம் கரித்துணி ஆயின (ஒன்றிரண்டு பழசாகாமலே). கடைசியில் அன்னாசித் தோலுக்கு வந்தாள். எங்கள் ஊரில் அதற்குக் கைதச்சக்கை என்று பேர்.

"மாமா, இந்தத் தோலோட கருப்பட்டியும் தண்ணியும் சேத்து மூணு மாசம் போட்டு வச்சா, கக்கூஸ் கழுவ லிக்விட் ரெடி. கடையில வாங்காண்டாம்."

எனக்கு மூளை வேலை செய்தது. தேர்தலுக்கு முந்தின வாரம் எங்கள் வீட்டில்தான் ஜெபக்கூட்டம். முடிந்ததும் இதைக் காட்டி, "எனக்க வீட்டுலேர்ந்து குப்பையே வெளிய போவாது" என்று நாலு பேர் முன்னால் சொன்னால் ஓட்டு கொட்டாதா? ஆனால் ஜெபக்கூட்டத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது.

"மூணு மாசம் எதுக்குட்டி? பத்து நாள்ல நான் முடிச்சுக் காட்டுதேன்" என்று பேக்கரியில் ஈஸ்ட் வாங்கிவந்து ஒரு கை அள்ளிப் போட்டேன்.

"மாமா, தெனமும் மூடியத் தொறந்து காத்த வெளிய விடணும், கேட்டீங்களா?"

"எனக்கிட்டயா சொல்லுத? நான் மூடினா காத்தும் போவாது, தண்ணியும் போவாது."

சொன்னபடியே செய்தேன். அஞ்சு லிட்டர் எண்ணெய்க் கேன் மூடிக்கு டெஃப்லான் டேப் ஏழு சுற்று, அதன்மேல் குழாய் ஒட்டுகிற பசை. சீக்கிரமே கேன் வயிறு தள்ளி நின்றது. "நல்லா வெளைஞ்சு வருது" என்று தட்டிக்கொடுத்தேன்.

ஜெபக்கூட்டத்தன்று கேனை ஹாலில் ஒரு ஸ்டூலில் வைத்து, குரோஷாத் துணி போட்டு மூடினேன். அதற்கு முன்னால் போதகருக்கு நாற்காலி. தேவதாஸும் வந்திருந்தார். எல்லாரும் கண்ணை மூடினோம். போதகர் உருக்கமாக ஜெபித்தார்: "ஆண்டவரே, இந்த வீட்டில் மறைந்திருப்பதை எல்லாம் வெளியே கொண்டுவாரும்!"

கொண்டுவந்தார்.

பட்டாசுக்கடையே வெடித்ததுபோல ஒரு சத்தம். கண்ணைத் திறந்தால், போதகர் நனைந்து நிற்கிறார், தலையில் கிரீடம்போல அன்னாசித் தோல். வீடு முழுக்கச் சாராய வாசனை.

"ஐயரே!" என்று பதறினேன் (போதகரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்). "தப்பா நெனைக்காண்டாம், இது கக்கூஸ் கழுவ வச்சது!"

"அதையா எனக்க தலையில ஊத்தினீரு?"

இளவயதில் காய்ச்சுவதில் பேர்போன தங்கையன், சட்டையில் தெறித்ததை விரலால் தொட்டு நக்கிப் பார்த்தான். "கைதச்சக்க, கருப்பட்டி, ஈஸ்ட்டு. கூட்டு கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. எத்தன நாளு ஊறல்?"

தேவதாஸ் மூக்கை மட்டும் இரண்டு தரம் உறிஞ்சினார்.

என் மனைவி ரோஸ்லி அண்ணாந்து பார்த்தாள். "குப்பைய வெளிய விடமாட்டேன்னு சொன்னது வாஸ்தவந்தான். எல்லாம் சீலிங்குல இருக்கு."

தோற்றாயிற்று என்று முடிவுகட்டி, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஓட்டுப் போடப் போனேன். கிறிஸ்துமஸுக்கு மட்டும் கோயில் வாசலை மிதிக்கிற ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் தலைசீவி, வெள்ளைச்சட்டை போட்டு வரிசையில் நின்றார்கள். தேவதாஸின் சனிக்கிழமைச் சேக்காளிகளும் இருந்தார்கள். எண்ணி முடித்தபோது நான் ஜெயித்திருந்தேன். ஒருவன் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "நீங்க நம்ம ஆளுண்ணு தெரியாமப் போச்சே அண்ணாச்சி!" என்றான்.

இப்போதும் கமிட்டியில் நான்தான். பியூலாவும் முறையாக மூடி திறந்து, மூணு மாசம் பொறுத்து, வினிகர்போலப் புளித்த லிக்விடை வடிக்கிறாள். பண்டிகை வந்தால் யாராவது ஒருத்தன் காலிக்குப்பியோடு பின்வாசலில் நிற்பான்.

"எலே, இது கக்கூஸ் கழுவதுக்குடே!"

"ஆமா அண்ணாச்சி, கழுவத்தான்" என்று கண்ணடித்துவிட்டு, நிரப்பிய குப்பியை இடுப்பில் செருகிக்கொண்டு போவான்.

மறுநாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்ப வருவான். "மருமொவ கைப்பக்குவம் செரியில்ல அண்ணாச்சி. அடுத்த தடவ நீங்களே போடுங்க."