மச்சானின் முதுகு

கழுத்து இரும்புக் கம்பியாய் விறைத்துக் கிடந்தது. காலையிலிருந்து பதிப்பகத்துக் கணினி முன்னால் குந்தியிருந்த புத்தகப் படத்தொகுப்பாளர் அதைத் தேய்த்துக்கொண்டே தலையாட்டினார். பதிப்பாசிரியர் அம்மா விடுவதாய் இல்லை.

“அட்டையில ‘எல்லா நிறத்தாருக்குமான தோல் மருத்துவம்’னு போட்டிருக்கோம். உள்ள பார்த்தா அத்தனையும் வெளுத்த தோலு. படர்தாமரைக்காவது ஒரு கறுத்த முதுகு வேணும். நாளைக்கு அச்சு. படம் வரலேன்னா உங்க நாற்காலில வேற ஆளு.”

கையில் இருந்த வெள்ளை முதுகையே கணினியில் கறுப்பாக்கினார். தோலோடு நோயும் கறுத்துப்போனது.

“இது என்ன, தார் ரோடா?” என்றார் அம்மா.

மனைவியின் தம்பி ஞாபகம் வந்தது. சிமெண்ட் மூட்டை தூக்குகிறவன். நல்ல கறுப்பு. முதுகில் தட்டகலத்துக்குப் படர்தாமரை. ஓடிப்போய்ச் சட்டையைக் கழற்ற வைத்தார்.

“என்ன மாமா, மாடு வாங்க வந்தவர் மாதிரி சுத்திச் சுத்திப் பாக்குறீங்க?”

“அசையாதடா. புத்தகத்துல வரப்போறே.”

எடுத்த படத்தை மெருகேற்றக் கொடுத்த ஆள் கல்யாண ஸ்டுடியோவில் காலம் தள்ளியவர். அவர் கைபட்டுத் திரும்பிய மச்சான் பளபளவென்று வெளுத்திருந்தான். முதுகில் ஒரு புள்ளி இல்லை.

“யோவ், நோய் எங்கய்யா?”

“சுத்தமா எடுத்துட்டேன் சார். கலரையும் தூக்கிட்டேன். இப்பத்தான் ஆளு லட்சணமா இருக்கார்.”

“பழைய படம்?”

“அது மேலேயேதான் சார் சேமிச்சேன்.”

மறுபடி வீட்டுக்கு ஓடினார். மனைவி தம்பியின் முதுகில் பவுடர் அப்பிக்கொண்டிருந்தாள்.

“நிறுத்துடி! ஆறிடப்போகுது!”

“அவனுக்கு அரிக்குதுங்க.”

“படம் எடுக்குற வரைக்கும் அரிக்கட்டும்!”

இனி யாரையும் நம்புவதில்லை என்று மச்சானைக் கையோடு பதிப்பகத்துக்கே இழுத்துப் போனார். புத்தகத்தை எழுதிய டாக்டரும் அங்கே இருந்தார். முதுகுக்குப் பின்னால் பூதக்கண்ணாடியோடு குனிந்தார்.

“அடடா, என்ன தெளிவு! அந்த ஓரத்தைப் பாருங்கம்மா! இந்தப் படத்தைப் பார்த்த பிறகு எந்த டாக்டரும் தவறவிட மாட்டான்.”

அம்மா கைதட்டினார். படம் மெருகு படாமல் அச்சுக்குப் போனது. நாற்காலி தப்பியது, படத்தொகுப்பாளருக்குக் கழுத்துகூடக் கொஞ்சம் இளகியது.

சட்டையை மாட்டிக்கொண்டு திரும்பிய மச்சான், டாக்டரின் முகத்தை அப்போதுதான் பார்த்தான்.

“அட, நீங்களா! போன மாசம் உங்ககிட்டதானே காட்டினேன், அழுக்குன்னு சொல்லி சோப்பு போடச் சொன்னீங்க. எனக்கு மருந்து இன்னும் பாக்கி டாக்டர்.”