அழுத சோப்பும் அழாத வீடும்

ஆறாயிரத்து நானூற்று ஐம்பது. மூத்தவள் நுரைச்சாமிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி இது. அரிசி வாங்கிய கடன் இல்லை, ஆஸ்பத்திரிக் கடன் இல்லை. வீட்டில் ஒரு சோப்பு அழுதுவிட்டதாம், அதற்காக ஏறிய கடன்.

சிரிக்காதீர்கள். அந்தத் தெருவில் அப்போது யாரும் சிரிக்கவில்லை.

மூடிக்கிடந்த மரச்சாமான் கடையின் மாடியில்தான் நுரைச்சாமி எழுந்தருளியிருந்தார். விடிவதற்குள் படிக்கட்டு நிறைந்துவிடும். படிக்கட்டு நிறைந்தால் தெரு, தெரு நிறைந்தால் பஸ் நிறுத்தம். பஸ்ஸுக்கு நின்றவன்கூட வரிசையில் சேர்ந்துகொண்டான். எதற்கு வரிசை என்று அப்புறம்தான் கேட்டான். சைக்கிள் நிறுத்தக் காசு, செருப்புக்குக் காசு, சாமியைப் பார்க்கச் சீட்டுக்குக் காசு. இலவசமாகக் கிடைத்தது நெரிசல் ஒன்றுதான்.

சாமி போன மழை வரைக்கும் சந்தையில் கொசுவலை விற்றவர். கொசுவைத் தடுத்தவர் இப்போது தோஷத்தைத் தடுத்தார். தொழிலைப் பெரிதாக மாற்றிக்கொள்ளவில்லை.

அவர் கொடுப்பது சாட்சிச் சோப்பு. கண்ணாடி மாதிரி இருக்கும். இந்தப் பக்கம் பிடித்துப் பார்த்தால் அந்தப் பக்கம் நிற்கிறவன் மூக்கு தெரியும். ரோஜா வாசனை. நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு, அதற்குக் கண் என்று பெயர். வீட்டுக்குக் கொண்டுபோய் உறையைப் பிரித்து, நடு அறையில் ஒரு தட்டில் திறந்து வைக்க வேண்டும். மூடக் கூடாது, துடைக்கக் கூடாது, மின்விசிறி போடக் கூடாது. காலையில் சோப்பு மேல் கண்ணீர் நின்றால் வீட்டில் தோஷம்.

எல்லா வீட்டிலும் நின்றது. கடுமையான மழைக்காலம் அது. கொடியில் போட்ட பனியன் காயாமலே நாறியது. ஜாடியில் உப்பு தண்ணீர் விட்டுக்கொண்டு கிடந்தது. தீப்பெட்டி உரசினால் மருந்து வழித்துக்கொண்டு வந்தது. அதற்கெல்லாம் யாரும் தோஷம் பார்க்கவில்லை. சோப்பில் முத்து முத்தாக நீர் கண்டதும் மட்டும் தலையில் கைவைத்துக்கொண்டு மாடிக்கு ஓடினார்கள்.

அழாத சோப்பு ஊரில் ஒன்றே ஒன்று. துணிக்கடை முதலாளி வீட்டில். ராப்பகலாக ஏசி ஓடுகிற அறையில் வைத்திருந்தார்கள், உலர்ந்த கட்டையாக இருந்தது. "புண்ணியவான் வீடு!" என்று சாமி கையெடுத்துக் கும்பிட்டார். புண்ணியத்துக்கும் புழுக்கம் ஆகாது போலிருக்கிறது.

அழுத சோப்புக்குப் பரிகாரம் உண்டு. சாமி அதை வாங்கி, திரைக்குப் பின்னால் கொண்டுபோய், மந்திரம் ஓதி, கண்ணுக்குத் தெரியாத கவசம் ஒன்றைப் போர்த்திக் கொடுப்பார். அப்புறம் அது அழாது. கவசத்துக்கு, வீட்டிலிருக்கிற தலைக்கு ஆயிரம்.

மூத்தவள் தையல்காரி. அவள் தையல் மிஷின் ஓடினால்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கும். வீட்டுக்காரர் லாரி கிளீனர், சம்பளம் வரும் மாதமும் உண்டு, வராத மாதமும் உண்டு. அவள், அவர், அவர்கள் மகள், கொழுந்தன், கொழுந்தன் பெண்டாட்டியான இளையவள் என்று ஐந்து தலை.

சோப்பு அழுத காலையில் ஓரகத்திகள் இருவரும் மாடிக்குப் போனார்கள். சாமி கண்ணை மூடினார், மூக்கைச் சுருக்கினார், ஒரு கண்ணை மட்டும் திறந்து இளையவளைப் பார்த்தார்.

"வீட்டுக்குள்ள கடைசியா வந்தது யாரு?"

"இவதான் சாமி. போன வருஷம் கட்டிக்கிட்டு வந்தா."

"இவ கையில இருக்கு. நாலு தலைக்கு ஆயிரம். இவளுக்கு ரெண்டாயிரத்து நானூத்தி அம்பது."

இளையவளுக்குச் சுருக்கென்றது. "எனக்கு மட்டும் ஏன் சாமி கூட? நான் என்ன ரெண்டு தலையா வெச்சிருக்கேன்?"

"ஏய், வாயை மூடுடி," என்று மூத்தவள் அவள் இடுப்பில் கிள்ளினாள். "சாமி, கையில காசு இல்லீங்களே."

சாமியின் உதவியாளர் முன்னால் வந்தார். தொண்டை பெரிசு, அதனால் ஊர் அவருக்கு மைக்செட் என்று பேர் வைத்திருந்தது. "காசு இல்லாட்டி பரவால்லம்மா! சாமி கவசத்தைக் கடனாத் தருவாரு! ஞாயித்துக்கிழமைக்குள்ள தரலேன்னா உங்க தையல் மிஷினை நாங்க தூக்கிக்கிறோம்! அதுலயும் தோஷம் இருக்குமில்ல?"

தோஷமுள்ள மிஷினை இவர்கள் எதற்குத் தூக்க வேண்டும் என்று இளையவள் கேட்க வாயெடுத்தாள். இடுப்பில் இரண்டாவது கிள்ளு விழுந்தது.

கவசம் போட்ட சோப்போடு வீடு திரும்பியதும் மூத்தவள் மிஷினைத் துணி போட்டு மூடிவிட்டு அதன் மேலேயே தலை சாய்த்து உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால்கூட இளையவளுக்குத் தேவலாம் என்றிருந்தது.

"அக்கா, நான் சோப்பு செஞ்சு விக்கிறேன்க்கா. உருக்கி ஊத்துற சோப்புக்கட்டி கடையில கிடைக்குது. பாக்கியைக் கட்டிடலாம்."

"நீயா? நீ வெந்நி வெச்சாலே அடிப்பிடிக்கும்."

அதுவும் பொய்யில்லை. முதல் தடவை சோப்புக்கட்டியை நேராக அடுப்பில் ஏற்றினாள். அது பொங்கி வழிந்து, கருகி, அடுப்படியே முடி தீய்ந்த நாற்றம் எடுத்தது. கொழுந்தனாகப்பட்டவர், அதாவது அவள் புருஷன், "சாப்பாடு ரெடியா?" என்று கேட்டுக்கொண்டே வந்து தட்டை எடுத்துவிட்டார். அடுத்த தடவை கட்டியைச் சின்னத் துண்டாக நறுக்கிக் கிண்ணத்தில் போட்டு, கிண்ணத்தைக் கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் நிறுத்தி உருக்கினாள். பதம் சரி. ஆனால் ஆவி பறக்கும்போதே எலுமிச்சைப்புல் எண்ணெயை ஊற்றினாள். வாசனை ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போய்விட்டது. தெரு முழுக்க மணந்தது, சோப்பு மட்டும் மணக்கவில்லை. அதையும் எவர்சில்வர் டம்ளரில் வார்த்துவிட்டாள். டம்ளர் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது, அதில் தண்ணீர் ஊற்றினால் நுரை வரும்.

கடைக்காரரிடம் கேட்டு ரப்பர் அச்சு வாங்கினாள். உருகியதைக் கொஞ்சம் ஆறவிட்டு, மேலே ஆடை கட்டுமுன் வாசனை சேர்த்து, நிதானமாக வார்த்தாள். மேலே கிளம்பிய குமிழி மேல் ஸ்பிரிட்டை விசிறினாள், பட்டென்று அடங்கியது. இறுகியதும் அச்சைப் பிதுக்கினாள். வழவழவென்று தட்டில் விழுந்தன ஆறு சோப்பு. மோந்து பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்சம் அழுகையும்.

விற்கிற சோப்பாயிற்றே, பளபளப்பாக இருக்கட்டும் என்று, பண்டம் சுற்றுகிற கண்ணாடித்தாளால் இறுக்கிச் சுற்றினாள். நாலு சோப்போடு தாள் தீர்ந்தது. மிச்சம் இரண்டும் அப்படியே தட்டில் கிடந்தன.

காலையில் வீட்டை எழுப்பியது மூத்தவளின் கூச்சல்.

"அய்யய்யோ! இவ செஞ்ச சோப்பும் அழுவுது! சாமி சொன்னது சரிதான், இவ கையிலதான் இருக்கு!"

இளையவள் ஓடிவந்தாள். சோப்பு மேல் முத்து முத்தாக நீர். ஒரு நிமிஷம் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள், உண்மைதானோ என்று. அப்புறம் தட்டைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"அக்கா, கத்தாதீங்க. எத்தனை அழுவுது?"

"ரெண்டுடி!"

"செஞ்சது ஆறு. ஒரே கட்டி, ஒரே கிண்ணம், ஒரே கை. தாள் சுத்தின நாலும் கம்முனு இருக்கே, ஏன்?"

மூத்தவள் உள்ளே போய், சாமி கவசம் போட்டுத் தந்த சோப்பை எடுத்துவந்தாள். இளையவள் அதன் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். கண்ணுக்குத் தெரியாத கவசத்தின் நுனி தூக்கிக்கொண்டது. பிடித்து இழுத்தாள், சரசரவென்று வந்தது.

"இது கண்ணாடித்தாள்தானேடி?" என்றாள் மூத்தவள்.

"ஆமாக்கா. நம்ம தெருக் கடையில ஒரு சுருள் அறுவது."

மூத்தவள் இந்தத் தடவை கிள்ளவில்லை. முந்தானையை இழுத்துச் செருகினாள். "வாடி போலாம்."

மாடியில் அன்று கால் வைக்க இடமில்லை. இளையவள் தன் சோப்பும் புதிதாக வாங்கிய தாள் சுருளும் வைத்த பையோடு முன்னால் போய்ப் பவ்யமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"சாமி, ஒரு சந்தேகம். நான் வீட்டுல செஞ்ச சோப்பும் அழுவுது. மந்திரம் ஒண்ணும் போடல. எனக்கும் சக்தி வந்துருச்சுங்களா?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"உன் கை தோஷம் மகளே. நீ தொட்டா எதுவும் அழும்."

"அப்ப உங்க ஆசனத்துல வெச்சா?"

சாமி பெருந்தன்மையாகச் சிரித்தார். கூட்டம் அதிகம், அதனால் சிரிப்பும் அதிகம். "என் ஆசனம் பரிசுத்தம். அங்க எந்தச் சோப்பும் அழாது."

"வெச்சுப் பாத்துடலாங்களா? உங்களுது ரெண்டு, என்னுது ரெண்டு. உங்களுதுல ஒண்ணுக்கும் என்னுதுல ஒண்ணுக்கும் இந்தக் கடைத்தாளைச் சுத்திடறேன். மத்ததைத் திறந்து வைப்போம். காலையில வந்து பாப்போம்."

சாமியின் சிரிப்பு பாதியில் நின்றது. "சாமியைச் சோதிக்கக் கூடாது!" என்று மைக்செட் அலறினார்.

"சோதிக்கலீங்க அண்ணே, சாமியோட பெருமையைத்தான் ஊருக்குக் காட்டப் போறோம்," என்றாள் இளையவள்.

இஸ்திரிக்காரர் வரிசையிலிருந்து எட்டிப் பார்த்தார். அவர் வீட்டில் ஏழு தலை, ஏழாயிரம் கொடுத்திருந்தார். "அந்தப் பொண்ணு சொல்றது சரிதானே? பரிசுத்தம்னா எதுக்குப் பயம்? பூட்டைப் போடுங்க, சாவி என்கிட்ட இருக்கட்டும்." கூட்டம் ஆமாம் போட்டது. ஆமாம் போட்டுப் பழகிய கூட்டம்தானே. சாமிக்கு வேறு வழியில்லை.

மறுநாள் காலையில் சாவியோடு இஸ்திரிக்காரர் வந்தபோது, மைக்செட் கதவுக்கு வெளியே தோளில் பூத்துவாலையோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்ன துண்டு?"

"ஆசனத்தைத் துடைக்கிற துண்டு. நான் முதல்ல உள்ள போய்…"

"ஆசனத்தை அப்புறம் துடைச்சுக்கலாம். தள்ளு."

கதவு திறந்தது. படிக்கட்டு முழுக்கத் தலை. பட்டு விரித்த ஆசனத்தில் நாலு சோப்பு. சாமியின் திறந்த சோப்பு அழுதிருந்தது. இளையவளின் திறந்த சோப்பும் அழுதிருந்தது. சாமியுடையது கொஞ்சம் கூடுதலாகவே அழுததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அறுபது ரூபாய்ச் சுருளில் சுற்றிய இரண்டும், மந்திரமில்லாமல், தந்திரமில்லாமல், காய்ந்த கட்டையாக உட்கார்ந்திருந்தன.

"பாருங்க," என்றாள் இளையவள். "இந்தச் சோப்புல கிளிசரின் இருக்கு, கட்டி வாங்குன உறையிலயே போட்டிருக்கு. மழைக்காலத்துல காத்துல இருக்குற ஈரத்தை அது இழுத்துக்குது, நம்ம வீட்டு உப்பு மாதிரி. தாளைச் சுத்திட்டா ஈரம் படாது. ஏசி போட்ட வீட்டுல ஈரமே இல்ல, அதான் முதலாளி வீட்டுது அழல. நான் சொன்னேன்னு நம்பாதீங்க. ஆளுக்கு ரெண்டு சோப்பு எடுத்துட்டுப் போய் வீட்டுல வெச்சுப் பாருங்க."

"அப்ப எனக்குப் புண்ணியம் இல்லியா?" என்றார் துணிக்கடை முதலாளி, உண்மையான வருத்தத்தோடு.

"கரண்ட் பில் இருக்குதுங்களே முதலாளி!" என்றது ஒரு குரல்.

அந்தச் சிரிப்பில்தான் மாடி உடைந்தது. "ஏழாயிரம்! என் ஏழாயிரம்!" என்று இஸ்திரிக்காரர் சாமியின் சால்வையைப் பிடித்தார். திரையை யாரோ பிய்த்தார்கள். பின்னால் பெட்டி பெட்டியாகச் சோப்புக்கட்டி, ரோஜா வாசனைப் புட்டி, கறுப்புப் பொட்டுக்கு ஒரு டப்பா சாயம், ஆளுயரத்துக்கு அடுக்கிய கண்ணாடித்தாள் சுருள். மைக்செட் சத்தமே இல்லாமல் படியிறங்கிப் போனார், வாழ்க்கையில் முதல் முறையாக. வாசலில் அவரையும் மறித்துக்கொண்டார்கள், பணப்பை அவரிடம்தான் இருந்தது.

பணம் திரும்பி எண்ணப்பட்டுக்கொண்டிருந்தபோது மூத்தவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனாள். ஆசனத்திலிருந்த அழுத சோப்பை எடுத்துத் துடைத்தாள். ஒரு முழம் தாள் கிழித்தாள். தைக்கிற கையல்லவா, சுருக்கம் இல்லாமல் சுற்றினாள். சாமியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"தோஷம் உங்க ஆசனத்துலயே உக்காந்திருக்கு சாமி. இந்தாங்க கவசம். ஊருக்குத் தலைக்கு ஆயிரம், சாமியாச்சே, உங்களுக்கு ரேட்டு கூட. ஆறாயிரத்து நானூத்தி அம்பது. என் பாக்கிக்கும் இதுக்கும் நேராப் போச்சா?"

சாமி இஸ்திரிக்காரரின் பிடிக்குள்ளிருந்து இளையவளைப் பார்த்தார்.

"அவளை என்னத்துக்குப் பாக்குறீங்க? கேட்டது நான்."

"நேராப் போச்சும்மா. பாக்கி இல்ல."

"சத்தமாச் சொல்லுங்க, படிக்கட்டுல இருக்கவங்களுக்குக் கேக்கல."

"பாக்கி இல்ல!"

அப்படியாக அந்தக் கடன் தீர்ந்தது. ஊருக்கு இன்னொரு பாக்கி இருக்கிறது, கொஞ்சம் யோசித்துப் பார்க்கிற பாக்கி. அதை அவரவர் தலையிலிருந்துதான் கட்ட வேண்டும், கடனாகக் கொடுக்க ஆள் கிடையாது. சீக்கிரம் கட்டிவிடுங்கள். அடுத்த சாமி பெட்டியைக் கட்டிக்கொண்டு வண்டி ஏறிவிட்டாராம்.