மாப்பிள்ளை கார் உள்ளே வர வாசல் போட்ட விவரம்

பீளமேடு, கோவை

சிரஞ்சீவி மாப்பிள்ளை உதய் அவர்களுக்கு,

மாமனார் நரசிம்மலு எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தை பத்மாவதியும் நலம். வீட்டு வாசல் மட்டும் நலமாக இல்லை. ஓசூரில் நீங்களும் தேஜஸ்ரீயும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லக்கூடிய விஷயம்தான். ஆனால் நான் "மாப்பிள்ளை" என்று ஆரம்பித்ததும் உங்கள் அத்தை போனை வாங்கிக்கொள்கிறாள். ஆகவே கூரியர்.

விஷயம் தலை தீபாவளி. மறுவீட்டு விருந்து முடிந்து நீங்கள் கிளம்பியபோது, கேட்டருகே உங்கள் காரின் அடிப்பாகம் தரையில் உரசியது. தெருவே பார்த்தது. நீங்கள் இறங்கிக் குனிந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லைங்க மாமா" என்றீர்கள். திட்டியிருந்தால் நான் அன்றிரவு தூங்கியிருப்பேன். தீபாவளிக்குள் கேட்டிலிருந்து போர்டிகோ வரை புதுத் தளம் போட்டு, உங்கள் கார் சத்தமில்லாமல் உள்ளே வர வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

மதன்குமார் என்ற காண்ட்ராக்டர் வந்தார். பழைய தளத்தைக் காலால் தட்டிப் பார்த்து, "ரோடு மேல, ஊடு கீழ. ஒடைச்சுப்போட்டு அரையடி ஏத்தோணுமுங்க. அறுபதாயிரம் ஆகுமுங்க" என்றார். அவ்வளவு மரியாதையாகச் சொல்லும்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். அறுபதாயிரம் என்பது போடுவதற்காம். உடைப்பதற்குத் தனி, உடைத்ததை அள்ளுவதற்குத் தனி, அள்ளியதைக் கொட்ட இடம் தேடுவதற்குத் தனி. உடைக்கிற வேகத்தில் குடிதண்ணீர்க் குழாயும் உடைந்தது. அதற்கு மட்டும் கூலி கேட்கவில்லை. தளம் அரையடி உயர்ந்ததும் கேட் திறக்க மறுத்தது. வெல்டிங்காரரை வரவழைத்துக் கேட்டின் அடியை வெட்டினோம், அந்தச் சந்து வழியாகத் தெரு நாய்கள் போக வர ஆரம்பித்தன. போர்டிகோவின் இரண்டு படிகளில் ஒன்று தளத்துக்குள் போய்விட்டது. மழைத்தண்ணீர் மிச்சமிருந்த ஒரு படியை ஏறி, ஹாலுக்கு வந்து, சோபாவுக்கடியில் தங்கிக்கொண்டது. இதற்கு நடுவே உங்கள் அத்தை, கோலம் போடத் தளம் வழுவழுப்பாக இருக்க வேண்டும் என்று மதன்குமாரிடம் பிடிவாதமாக நின்றாள்.

"டயர் வழுக்குமுங்கம்மா."

"என்ற கோலத்து மேல எவன் கார் ஏத்தறது?"

"உங்க மாப்பிள்ளைதானுங்க."

அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது.

எல்லாம் முடிந்த மறுநாள் தெருவுக்கு ரோடு போட வந்தார்கள். வழக்கம்போல் பழைய ரோட்டின் மேலேயே போட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். ஊரில் யாருக்கோ அறிவு வந்து, பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போட்டார்கள். இப்போது ரோடு கீழே, நாங்கள் மேலே. எதிர்வீட்டு லட்சுமியம்மாள், "ஏனுங்க, ஊட்டுக்குள்ள போறதுக்கு ஏணி வெக்கறீங்ளா?" என்று அக்கறையாக விசாரித்தார். கேட்டுக்கு வெளியே சறுக்கலாக இன்னொரு தளம் போட்டு நேற்றுத்தான் முடிந்தது. மொத்தம் ஒரு லட்சத்து நாற்பதாயிரம். அந்தச் சறுக்கல் மூன்று வாரம் தண்ணீரில் ஊற வேண்டுமாம். அதுவரை சைக்கிள்கூட ஏறக்கூடாதாம். தீபாவளிக்கு இரண்டு வாரம்தான் இருக்கிறது.

ஆகையால் தயவுசெய்து பஸ்ஸில் வாருங்கள். காருக்கென்று போட்ட தளத்தில் மாப்பிள்ளை நடந்து வந்தார் என்று தெரு பேசும், பேசட்டும். நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

இருவரும் உடம்புக்கு ஒன்றும் வராமல், கையில் நாலு காசு நின்று, நீண்ட நாள் சேர்ந்து வாழ ஆசீர்வதிக்கும்,

உங்கள் மாமனார்
நரசிம்மலு

பி.கு.: கவரை ஒட்டுமுன் உங்கள் அத்தை இதைப் படித்தாள். அன்று நீங்கள் உள்ளே வந்தபோது கார் உரசவே இல்லையாம். நீங்கள் கை கழுவப் போன நேரத்தில் அரிசி இரண்டு மூட்டை, தேங்காய் ஒரு மூட்டை, கிரைண்டர், முறுக்கு டின்கள் எல்லாவற்றையும் அவள்தான் டிக்கியில் ஏற்றினாளாம். பெண்ணை வெறும் டிக்கியோடு அனுப்புகிற பழக்கம் அவர்கள் வீட்டில் இல்லையாம். தீபாவளிக்கு மூட்டைகள் தயாராக இருக்கின்றன. அவற்றைப் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். ஆகவே காரிலேயே வந்து தெருமுனையில் நிறுத்துங்கள். புதுத் தளம் பத்து டன் தாங்கும் என்கிறார் மதன்குமார். உங்கள் கார் எவ்வளவு தாங்கும் என்று விசாரித்து, உங்கள் அத்தை பெயருக்கு எழுதவும்.